முள்ளங்கி மாஸ்டரின் ஆறு பாத்திகள்

கொல்லிமலையில் முள்ளங்கி மாஸ்டரைப் போல முள்ளங்கி தின்ற மனிதர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் ஒருவர் பிறந்தாலும் அவருக்குப் பெண் கிடைப்பது கஷ்டம்.

சமையல்காரர்களை எல்லா ஊரிலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவருக்கு முன்னால் முள்ளங்கி வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. நான் மருந்தாளுநராக வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் அவருடைய சீட்டில்கூட ‘மாஸ்டர், வயது 52’ என்றுதான் எழுதியிருக்கும். எழுதியது நான்தான்.

எங்கள் மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். அரியூர் நாட்டுக்குப் போகும் ரோட்டில் இருந்தது அவருடைய கடை. தகரக் கூரை, நாலு பெஞ்சு. முன்பக்கம் டீக்கும் தோசைக்கும் கேஸ் அடுப்பு, பின்பக்கம் சோற்றுக்கும் குழம்புக்கும் விறகு அடுப்பு. அதற்கும் பின்னால் வீடு. வீட்டை ஒட்டித் தோட்டம். தோட்டத்தில் ஆறு பாத்திகள். ஆறிலும் முள்ளங்கி.

ஆறு என்பதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பாத்தியில் விதை போடுவார். ஆறாவது பாத்தியில் விதை விழும்போது முதல் பாத்தி பறிக்கத் தயாராக நிற்கும். பறித்து முடித்ததும் மண்ணைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மக்கிய சாணமும் சாம்பலும் கலந்து, மறுபடியும் விதை. கல் இருந்தால் கிழங்கு இரண்டு கால் முளைத்துக் கோணிவிடுமாம். நாலு நாள் கூடுதலாக மண்ணில் கிடந்தால் உள்ளே பஞ்சாகிவிடுமாம். ஆகவே வருஷத்தில் எந்த நாளிலும் அவரிடம் பறிக்கும் பதத்தில் முள்ளங்கி இருந்தது. அதாவது, வருஷத்தில் எந்த நாளிலும் எங்களுக்குத் தப்பிக்க வழி இல்லை.

நான் மலைக்கு வேலைக்கு வந்த முதல் நாள், காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது வளைவுகளும் ஏறி முடித்து, வயிறு வாய்க்கு வந்து நிற்கிற நிலையில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு சோடா கேட்டேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்பக்கம் போனார். மண் கழுவிய ஈரத்தோடு ஒரு முள்ளங்கியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

“கடிங்க கண்ணு. தோலைச் சீவிராதீங்க.”

கடித்தேன். நாக்கில் ஒன்றும் இல்லை. அப்புறம் மூக்குக்குள் யாரோ ஊசியை ஏற்றினார்கள். கண்ணில் நீர் கொட்டியது. மாஸ்டர் குனிந்து, டாக்டர் நாடி பார்ப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏறுச்சுங்களா?”

தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ‘சரி, சோடா இல்லீங்க, டீ போடட்டுங்களா?’ என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் கடையில்தான் மூன்று வேளைச் சாப்பாடு. வேறு கடையும் பக்கத்தில் இல்லை.

முள்ளங்கிச் சாம்பார், முள்ளங்கிப் பொரியல், முள்ளங்கிக் கீரை கடைசல், முள்ளங்கிச் சட்னி, களிக்குத் தொட்டுக்கொள்ள முள்ளங்கி. செடியைப் பூக்க விட்டால் பச்சைப் பச்சையாகக் காய்க்குமே, அதிலும் ஒரு புளிக்குழம்பு. இத்தனையும் போட்ட பிறகும் இலை ஓரத்தில் நாலு துண்டு பச்சை முள்ளங்கி வைப்பார். அதுதான் முக்கியம். அது ஏறுகிறதா இல்லையா என்பதில்தான் அவருக்கு அக்கறை.

பறிப்பதற்கு முந்தின நாலு நாள் பாத்திக்குத் தண்ணீரே காட்டமாட்டார். பாவமாக வாடிக் கிடக்கும். “ஏன் மாஸ்டர், ரெண்டு குடம் ஊத்துனா என்ன?” என்று ஒரு முறை கேட்டேன்.

“தாகத்துல கெடந்தாத்தானுங்க மருந்தம்மா அதுக்குக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் காரம். தண்ணி ஊத்துனா அது வெறும் சுரைக்காய்ங்க.” மருந்து கொடுக்கிறவள் என்பதால் நான் அவருக்கு மருந்தம்மா.

ஒரு நாள் மத்தியானம் குரங்குக் கூட்டம் ஒன்று தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. அவருடைய மனைவி செல்லக்கா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். நாங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினோம். மாஸ்டர் மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பெரிய குரங்கு முள்ளங்கியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, ஒரு கடி கடித்தது. அப்படியே நின்றது. இரண்டு கையாலும் மூக்கைத் தேய்த்தது. பிறகு முள்ளங்கியைத் தூர எறிந்துவிட்டு வேலியைத் தாண்டியது. மற்ற குரங்குகளும் பின்னாலேயே போய்விட்டன.

“குரங்குக்கே புடிக்கலைங்க மாஸ்டர்” என்றார் சாப்பிட வந்த பஸ் கண்டக்டர்.

மாஸ்டர் அந்தக் கடிபட்ட முள்ளங்கியைப் போய் எடுத்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “புடிக்கலைன்னு சொல்லாதீங்க. அதுக்கு ஏறியிருக்குதுங்க. பாத்தீங்கல்ல, மூக்கைத் தேச்சுது!”

இவ்வளவும் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. காலையில் அவர் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்து மட்டும் யாரும் சிரித்ததில்லை. விடிந்ததும் தோட்டத்துக்குப் போவார். ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, தொட்டியில் கழுவி, பலா மரத்தடியில் நின்று கிழக்கே பார்த்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மூச்சை மெதுவாக உள்ளே இழுப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அப்படியே நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது சாமி கும்பிடுவது இல்லை என்று எனக்குத் தெரியவந்தது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில்.

இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. காப்பி குடிக்கலாம் என்று ஏழு மணிக்குக் கடைக்குப் போனேன். குளிருக்காகக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தார்கள். கதவைத் தள்ளியதுமே கேஸ் வாடை முகத்தில் அடித்தது. அழுகின முட்டையையும் வெங்காயத்தையும் மூடிவைத்துத் திறந்த மாதிரி, தலை சுற்றுகிற நாற்றம். உள்ளே மாஸ்டர் நிதானமாகப் பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர்! பத்த வெக்காதீங்க!”

நான் கத்திய கத்தலில் லைட்டர் கீழே விழுந்துவிட்டது. “ஏனுங்க மருந்தம்மா? என்னாச்சு?” என்று திகைத்து நின்றார். அவரைத் தள்ளிவிட்டு ஓடி ரெகுலேட்டரை மூடினேன். கதவையும் பின் வாசலையும் திறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன்.

“கடை முழுக்க கேஸுங்க! எலி குழாயைக் கடிச்சிருக்கோணும். உங்களுக்கு வாடையே தெரியலையா?”

மாஸ்டர் கடையைத் திரும்பிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஈர மண் என்றுகூடப் பார்க்காமல் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“பலமா அடிக்குதுங்களா?” என்று கேட்டார்.

“மாஸ்டர்...”

“எனக்கு ஒண்ணும் தெரியலீங்க.”

பிறகு அவரே சொன்னார். கொரோனா இரண்டாவது தடவை சுற்றியபோது அவருக்கும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டார். மூக்கு எழவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பியது, இவருக்குத் திரும்பவே இல்லை. கருவேப்பிலை வாசம் போனது. நெய் போனது. காப்பி போனது. உப்பும் புளிப்பும் மட்டும் எங்கேயோ தூரத்தில் பேசுகிற பேச்சு மாதிரி நாக்கில் கேட்கிறதாம்.

“முப்பது வருசமாக் கரண்டி புடிக்கறனுங்க. நாமக்கல்ல ஓட்டல்ல இருந்தப்ப தெருமுனையில வரும்போதே இன்னைக்குப் பருப்பு வறுத்தது ஒரு பதம் கூடிப்போச்சுன்னு சொல்லிருவேன். அந்த மூக்குங்க. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா, ஒலகத்துக்கே மூடி போட்டு வெச்சிருக்குது.”

ஆறு மாதம் அப்படி இருந்திருக்கிறார். ஒரு நாள் சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கும்போது சும்மா ஒரு துண்டை வாயில் போட்டிருக்கிறார். சுருக்கென்று மூக்குக்குள் ஏறியது.

“வாசம் இல்லீங்க. ஆனா ஏதோ ஒண்ணு வந்துச்சு. ஆள் இல்லாத ஊட்ல கதவைத் தட்டற மாதிரி. நானு அடுப்படியிலயே உக்காந்து அழுதுட்டேன். செல்லா கேட்டா, வெங்காயம்னு சொன்னேன். மறுநாளே வெதை வாங்கியாந்துட்டேன்.”

நான் படித்த படிப்பில் அதற்கு விளக்கம் உண்டு. வாசனை போகும் நரம்பு வேறு, எரிச்சல் போகும் நரம்பு வேறு. ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தப் பாத்தி வரப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வேளையும் அவர் எங்கள் முகத்தைப் பார்த்து ‘ஏறுச்சுங்களா?’ என்று கேட்டது எதற்கு என்பது மட்டும் விளங்கியது. தனக்குக் கிடைக்கிற அந்த ஒன்று மற்றவர்களுக்கும் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“செல்லக்காகிட்ட சொல்லீருங்க மாஸ்டர்.”

“வேணாமுங்க. அவ பயந்துக்குவா. சமையக்காரனுக்கு மூக்குப் போச்சுன்னு தெரிஞ்சா எவனுங்க விசேசத்துக்குக் கூப்புடுவான்? அளவு கையில இருக்குது. நெனப்புல இருக்குது. அதை வெச்சு ஓட்டிட்டு இருக்கறேன். தை மாசம் வெள்ளையம்மா ஊட்டுக் கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கறேன். அது முடியட்டுமுங்க.”

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் அவர் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. சரி என்றார். அதைச் செல்லக்காவிடம் எப்படிச் சொல்வார் என்று எனக்கு யோசனையாக இருந்தது. மறுநாள் காலையில் போனால் செல்லக்காதான் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“இவருக்கு ஜாதகத்துல நெருப்பு கண்டமாம் அம்மிணி. ஜோசியர் சொன்னாராம்” என்றார் என்னிடம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாஸ்டர் தோசைக்கல்லைத் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

எங்கள் டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். மருந்து என்று பெரிதாக இல்லை, பழக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார். நாலு விதமான வாசனைப் பொருட்களைக் காலையிலும் மாலையிலும் முகர வேண்டும். முகரும்போது அதன் பழைய வாசனையை மனசில் கொண்டுவர வேண்டும். நான் வந்து சொன்னதும் மாஸ்டர் மிளகு, காப்பித்தூள், எலுமிச்சை, கிராம்பு என்று நாலு டப்பா சேர்த்துவிட்டார். மிளகும் காப்பியும் எங்கள் மலையிலேயே விளைகிறவை.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கடைக்கு முன்னால் பலகை போட்டு, சம்மணமிட்டு, முதுகு நிமிர்த்தி, ஒவ்வொரு டப்பாவாக மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ‘இது என்னங்க மாஸ்டர்?’ என்று கேட்டவர்களிடம் ‘யோகாங்க’ என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் டப்பாவை முகர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வந்ததாம். மாஸ்டருக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் ஒரு வேளைகூட விடாமல் முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை.

தை பிறந்தது. வெள்ளையம்மாவின் மகளுக்குக் கல்யாணம். அரியூர் நாட்டில் நாலு ஏக்கர் நெல்லும் மரவள்ளியும் வைத்திருக்கும் குடும்பம். வெள்ளையம்மா கணவர் இல்லாமல் தனியாக நின்று நடத்துகிற கல்யாணம். பத்திரிகையை என்னிடம் கொடுத்தபோதே ‘பந்தியில ஒரு சொல்லு வரக் கூடாது கண்ணு, அது ஒண்ணுதான் எனக்கு’ என்று சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குண்டூர் நாட்டிலிருந்து போன் வந்தது. செல்லக்காவின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. செல்லக்கா கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். போகும்போது மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார்.

மாஸ்டர் நேராக மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார்.

“மருந்தம்மா, நாளைக்கு ஒரு பொழுதுக்கு உங்க மூக்கைக் குடுங்க.”

“வாரேன் மாஸ்டர்” என்றேன்.

அப்போது எனக்கு லேசாகத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் வெளுக்கும்போது கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையில் இருந்தேன். மூன்று பெரிய அடுப்புகள். ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் பாயசத்துக்குச் சாமை அரிசி வேகிறது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படைத் தளபதி போல நின்றார். பருப்பு அண்டாவைக் கிளறிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாருங்க மருந்தம்மா. அடி புடிக்குதுங்களா?”

குனிந்து மூச்சை இழுத்தேன். ஆவி முகத்தில் பட்டது. அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன். இரண்டு மூக்கும் சிமெண்டு பூசின மாதிரி அடைத்துக் கிடந்தன.

“மாஸ்டர்” என்றேன். குரல் எனக்கே தவளை மாதிரி கேட்டது. “எனக்கு ஜலதோசம் புடிச்சிருச்சுங்க.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. நடுக்கடலில் படகில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல, இன்னொருவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு காய்க்கூடையிலிருந்து ஒரு முள்ளங்கியை எடுத்து ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார்.

“அந்தம்மாவைக் கூட்டியாங்க.”

“யாரைங்க?”

“வெள்ளையம்மாவை.”

பட்டுச்சேலையும் கையில் தாம்பாளமுமாக வெள்ளையம்மா ஓடி வந்தார். “என்னங்க மாஸ்டர், எண்ணெய் பத்தலையா?”

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க. எனக்கு மூக்கு செத்துப்போச்சுங்க. காய்ச்சல்ல போனது வரவேயில்லை. எது கருகுது, எது புளிச்சுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. செல்லா பக்கத்துல இருந்தா வாடை வந்ததும் அவளா ஒரு சத்தம் குடுப்பா, எப்படியோ ஓடிரும். இன்னைக்கு அவளும் இல்லை. உங்களுக்கு ஒரே மக. மறைச்சு வெச்சு ஆக்கிப்போட மனசு வரலீங்க. மூக்கு இருக்கறவங்க ஒருத்தர் இங்க உக்காந்தா ஆக்கறேன். வேண்டாம்னா, இப்பவே போயிக்கறனுங்க.”

வெள்ளையம்மா ‘அதனாலென்ன’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான்.

“இதை எப்பச் சொல்றீங்க மாஸ்டர்? மாப்பிள்ளை ஊட்டு வேன் வளைவு ஏறிட்டு இருக்குதுன்னு போன் வந்தாச்சு. இப்பச் சொல்றீங்க! சமையலுக்குக் கூப்புட்டு நான் பாக்கு வெக்க வந்தன்னைக்கு வாய் எங்க போச்சு?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆம்பள இல்லாத ஊடுதானே, எப்படி ஆக்கிப்போட்டாலும் தின்னுட்டுப் போவாங்கன்னு நெனச்சீங்களா?”

“ஐயோ, இல்லீங்க தாயி...”

வெள்ளையம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். கண் அகன்றது.

“பருப்பு புடிக்கப் போகுது! வெறகை இழுங்க! இழுங்கங்கறேன்!”

மாஸ்டர் பாய்ந்து விறகை இழுத்தார். நான் குடத்தோடு ஓடினேன். வெள்ளையம்மா தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அண்டாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகினார்.

“ம். ஆக்குங்க” என்றார்.

அன்றைக்கு நான் பார்த்தது போல ஒரு சமையலை அதற்கப்புறம் பார்த்ததில்லை. மாஸ்டரின் கை ஓடியது, வெள்ளையம்மாவின் மூக்கு முன்னால் ஓடியது. ‘கடுகு போதும், காயம் போடுங்க.’ ‘தேங்காய்ப் பால்ல ரெண்டாவது சட்டி நல்லா இல்லை, கொட்டுங்க.’ ‘ரசத்தை எறக்குங்க, இனிக் கொதிக்க விட்டா வாசம் போயிரும்.’ கோபம் குறையவில்லை. ஆனால் ஒரு சொல்கூடத் தவறாகச் சொல்லவில்லை. இரண்டு முறை உள்ளேயிருந்து ‘பொண்ணோட அம்மா எங்க?’ என்று ஆள் வந்தது. ‘பொண்ணோட அம்மா பாயசத்துல இருக்கறா’ என்று சொல்லி அனுப்பினார். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் தன் நாத்தனாரை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடினார். கட்டி முடித்ததும், நெற்றியில் வேர்வையும் கண்ணில் தண்ணீருமாகத் திரும்பி வந்து, ‘எந்திரி, சாமைக்கு வெல்லம் போடற நேரம்’ என்று நாத்தனாரை எழுப்பினார்.

மூன்று பந்தி. ஒரு சொல் வரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பாயசத்தை மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு மாஸ்டர் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றார். “சாப்பாடு நல்லா இருந்துச்சு. சொன்னதுனாலதான் நல்லா இருந்துச்சு. இனிமே யாருகிட்டயும் மறைச்சுப் பண்ணாதீங்க” என்றார். “சரிங்க தாயி” என்றார் மாஸ்டர்.

மலையில் செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். மாசி மாத விசேஷச் சமையலுக்கு வாய்வார்த்தையாகப் பேசியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் திரும்பி வரவில்லை. மாஸ்டர் கடையில் வேலை முடிந்ததும் தோட்டத்தில் போய், ஏற்கெனவே களை எடுத்த பாத்தியில் மறுபடி களை எடுத்துக்கொண்டிருப்பார். இலையில் முள்ளங்கி வைப்பார். ‘ஏறுச்சுங்களா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கேள்வி இல்லாமல் அங்கே சாப்பிடுவது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

அம்மாவைத் தேற்றிவிட்டுச் செல்லக்கா திரும்பி வந்த அன்று நான் கடையில் இருந்தேன். பஸ்ஸிலேயே எல்லாக் கதையும் அவர் காதுக்குப் போயிருந்தது. பையைக் கீழே வைத்தார். மாஸ்டர் எதிரே வந்து நின்றார்.

“செல்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன்.”

“மூக்குத்தானே?”

“பஸ்ல சொன்னாங்களா?”

“பஸ்ல எதுக்குச் சொல்லோணும்? எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“என்னைக்கு?”

செல்லக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “இருபத்தி மூணு வருசத்துல எஞ் சமையலை நல்லா இருக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்லை நீங்க. புளி தூக்கலு, பெருங்காயம் கம்மி, தாளிப்பு தீஞ்சு போச்சு, இதேதான். காய்ச்சல் உட்ட மறுவாரம் ரசம் வெச்சுக் குடுத்தேன். நல்லா இருக்குது செல்லான்னீங்க. அடுப்படிக்குப் போயிக் குடிச்சுப் பாத்தேன். கருகின ரசம். அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

மாஸ்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம் இத்தனை நாளும் உங்க கொழம்பு தானாவே பதத்துல நின்னுச்சுன்னா நெனச்சீங்க? நெருப்பு கண்டமாம், ஜோசியராம்! எந்த ஜோசியருங்க? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊர்ல எல்லாருக்கும் சொல்லீட்டு எங்கிட்டக் கடைசியாச் சொல்றீங்க.”

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு அந்தக் கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் காலையில் செல்லக்கா கல்லாப் பக்கத்தை விட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார், எல்லோரும் பார்க்க. ‘எறக்குங்க’ என்பார், மாஸ்டர் இறக்குவார். பங்குனியில் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு காது குத்து வீட்டார் வந்தார்கள். பாக்கை இரண்டு பேர் கையிலும் தனித்தனியாக வைத்து, “ரெண்டு பேருமா வரோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை அனுப்பி வைத்தது வெள்ளையம்மா.

அதற்கடுத்த வருஷம் எனக்கு மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு மாற்றல் வந்தது. இங்கே நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. இலை ஓரத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை.

போன மாதம் ஒரு காலையில் போன் அடித்தது. எடுத்ததும் கத்தல்.

“மருந்தம்மா! காப்பித்தூள் டப்பாவைத் தொறந்தனுங்க. டயர் எரிஞ்ச மாதிரி அடிக்குது! எலுமிச்சம்பழம் மண்ணெண்ணெய் மாதிரி அடிக்குது!”

“மாஸ்டர், இன்னமும் மோந்துக்கிட்டா இருக்கீங்க?”

“ஒரு வேளை உடலீங்க. எவ்வளவு நாத்தம் தெரியுங்களா! செல்லா அழுகறா, நானு சிரிக்கறேன்.”

சில பேருக்கு அப்படித்தான் திரும்பும், முதலில் எல்லாம் கோணலாக வரும், மெல்ல மெல்லச் சரியாகும் என்று சொன்னேன். நான் சொன்னதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. மறுமுனையில் மூச்சை இழுத்து இழுத்து எதையோ முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. இன்னைக்கு முள்ளங்கி வேகறப்பவும் வாடை வந்துச்சு. இதெல்லாம் கோணலா வருதுன்னா, அதுவும் அப்படித்தானுங்களா? செல்லாகிட்டக் கேட்டேன். இல்லீங்க, அது எப்பவுமே அப்படித்தான் நாறும்கறா. நெசமாங்களா? இந்த நாத்தத்தையா மூணு வேளையும் உங்களுக்கெல்லாம் போட்டேன்? ஏனுங்க ஒருத்தர்கூடச் சொல்லலை?”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

“ஆறு பாத்தியையும் கொத்தீட்டு பீன்ஸ் போட்டறலாம்னு இருக்கறனுங்க” என்றார்.

“ஒரு பாத்தியாச்சும் விட்டு வைங்க மாஸ்டர்” என்றேன். “ஞாயித்துக்கெழமை நான் மேல வாரேன்.”